கர்த்தருக்கு ஒப்புக்கொடுப்பது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வாரம் ஒருநாள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி வேதம் படிக்கிற ஒரு சின்னக் குழுவைப் பல வருடமாக நடத்தி வருகிறேன். எந்தப் பகுதியை எடுத்தாலும் கடைசியில் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும்: எல்லாவற்றையும் கர்த்தர் கையில் கொடுத்துவிடு என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது? எல்லாரும் கிளம்பிய பிறகு ஒருவர் மட்டும் தயங்கி நின்று கேட்பார். இன்னொருவர் ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் அனுப்புவார். அப்படி வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கீழே வைத்திருக்கிறேன். நான் போதகர் இல்லை, இறையியல் படித்ததும் இல்லை. வேதத்தில் பார்த்ததையும் வாழ்க்கையில் அடிபட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். நீங்களே எடுத்துப் படிக்க வசதியாக வசன எண்களையும் கொடுத்திருக்கிறேன்.

ஒப்புக்கொடுக்கிறதுன்னா உண்மையில என்ன? எல்லாரும் சொல்றாங்க, யாரும் விளக்க மாட்டேங்கிறாங்க.

சங்கீதம் 37:5-ல் "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து, அவர்மேல் நம்பிக்கையாயிரு" என்று படிக்கிறோம். 'ஒப்புவித்து' என்று வருகிற இடத்தில் எபிரெய மூலத்தில் இருக்கிற வினைச்சொல்லுக்கு நேரான பொருள் 'உருட்டிவிடு'. நீதிமொழிகள் 16:3-லும் அதே சொல்தான். இது தெரிந்த நாளிலிருந்து அந்த வசனமே எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. பாறாங்கல்லைத் தூக்கிக் கொண்டுவந்து கொடு என்று அவர் கேட்கவில்லை. தூக்க முடியாததால்தானே உருட்டுகிறோம்! தள்ளு, இந்தப் பக்கம் நான் நிற்கிறேன் என்கிறார்.

நடைமுறையில் எப்படி என்றால், எந்தக் காரியத்திலும் நாம் செய்ய வேண்டிய பங்கு ஒன்று உண்டு, அது என்னவாக முடியும் என்பது வேறு. அந்த முடிவைத்தான் நாம் ராவெல்லாம் பிடித்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறோம். பரீட்சைக்குப் படிப்பது உங்கள் வேலை. ரிசல்ட் எப்படி வந்தாலும் நான் உம்முடைய பிள்ளைதான், அடுத்த அடியை நீரே காட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது ஒப்புக்கொடுப்பது. இதில் பலர் மறந்துவிடுகிற ஒரு பாதியும் இருக்கிறது. நம் பங்கை எப்படிச் செய்கிறோம் என்பதிலும் அவர் சொல்கேட்க வேண்டும். பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் வேலை நிச்சயம் என்கிற இடத்தில் அதைக் கொடுக்காமல் எழுந்து வருவதும் ஒப்புக்கொடுப்பதுதான், சொல்லப்போனால் கண்ணீர் ஜெபத்தைவிடக் கஷ்டமானது அது.

அப்படின்னா நான் ஒண்ணும் செய்யாம சும்மா உட்காரணுமா?

வேண்டாம். மோசேயின் அம்மாவைப் பாருங்கள் (யாத்திராகமம் 2:3). எபிரெய ஆண்பிள்ளைகளை ஆற்றில் போடும்படி எகிப்து ராஜாவான பார்வோன் கட்டளையிட்டிருந்த காலம் அது. மூன்று மாதம் ஒளித்து வைத்த பிள்ளையை இனி ஒளித்து வைக்க முடியாது என்று ஆனபோது ஆற்றோரம் கொண்டுபோய் வைத்தாள். அதைவிடப் பெரிய ஒப்புக்கொடுத்தல் எங்கே இருக்கிறது? ஆனால் வைப்பதற்கு முன்னால் ஒரு நாணற்பெட்டியை எடுத்து, அதற்குப் பிசினும் கீலும் (தார்) பூசினாள். தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று ஒவ்வொரு இடுக்காகப் பார்த்துப் பூசியிருப்பாள், கையெல்லாம் கறுப்பாகியிருக்கும். ஓடுகிற நடு ஆற்றில் விடாமல், நாணலுக்குள்ளே, கரையோரமாக வைத்தாள். தூரத்தில் நின்று பார்க்கப் பிள்ளையின் அக்கா இருந்தாள். பார்வோனின் மகள் அங்கே குளிக்க வருவதும், அழுகிற பிள்ளையைப் பார்த்து இரக்கப்படுவதும் இவள் கையில் இல்லை. பூசுவது இவள் பங்கு.

எருசலேம் அலங்கத்தை (மதில் சுவரை) கட்டிய நெகேமியாவும் இப்படித்தான், ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் காவலும் வைத்தார், இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது (நெகேமியா 4:9). அந்த அலங்கம் 52 நாளில் முடிந்தது. எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமே உண்டு: விண்ணப்பம் அனுப்பாமல் வேலைக்காக ஜெபிக்கிறவரிடம், முதலில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு வாருங்கள், சேர்ந்து ஜெபிப்போம் என்றுதான் சொல்வேன்.

ஒரு தடவை செஞ்சா போதாதா? நான் ஒரு கூட்டத்துல அழுது ஒப்புக்கொடுத்தேன், ரெண்டே வாரத்துல பழையபடி ஆயிட்டேன்.

அந்த அழுகை பொய் என்று நினைக்காதீர்கள். அது ஆரம்பம், அவ்வளவுதான். சிலுவையை எடுத்துக்கொண்டு என் பின்னே வா என்று இயேசு சொன்னதை மூன்று சுவிசேஷங்களில் படிக்கிறோம். லூக்கா 9:23-ல் மட்டும் 'அனுதினமும்' என்ற சொல் கூடவே இருக்கிறது. கல்யாணம் ஒருநாள் நடக்கிறது, குடும்பம் நடத்துவது தினமும். 1755 ஆகஸ்டில் லண்டனில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் மக்களைக் கூட்டி, நான் இனி என்னுடையவன் அல்ல என்கிற கருத்தில் தேவனோடு உடன்படிக்கை செய்யவைத்தார். அதன் வழியில் பல மெதடிஸ்ட் சபைகள் இன்றும் புத்தாண்டை ஒட்டி அதைப் புதுப்பிக்கின்றன. ஏற்கெனவே சொன்னவர்கள்தான், மறுபடி சொல்கிறார்கள். யாரும் அதைக் கேவலமாக நினைப்பதில்லை.

என் மகன் முதல்முறை வெளியூரில் தங்கிப் படிக்கப் போன வருடம், படுக்கும்போது அவனைக் கர்த்தர் கையில் கொடுத்துவிட்டுத்தான் படுப்பேன். ரெண்டு மணிக்கு விழிப்பு வரும். தலையணைக்கு அடியில் இருக்கிற போனை எடுத்து, அவன் கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தான் என்று பார்ப்பேன். வைப்பேன், மறுபடி எடுப்பேன். அந்த நேரத்தில் நான் கற்றுக்கொண்ட ஜெபம் ஒரே வரிதான்: "திரும்ப எடுத்துட்டேன் ஆண்டவரே, இதோ திரும்பக் கொடுக்கிறேன்." சில ராத்திரிகளில் நான்கைந்து தடவை சொல்லியிருக்கிறேன்.

இதுக்குன்னு ஏதாவது ஜெபம் இருக்கா? என்ன வார்த்தை சொல்லணும்?

தனி வார்த்தை எதுவும் கிடையாது. ஆனால் பொதுவாகச் சொல்லாதீர்கள். "என் வாழ்க்கையை ஒப்புக்கொடுக்கிறேன்" என்பது சொல்ல எளிது, ஏனென்றால் அதில் எதுவும் கையைவிட்டுப் போகிற மாதிரி இருக்காது. பெயர் சொல்லுங்கள். இந்தக் கடன். இந்த ஸ்கேன் ரிப்போர்ட். என்னைவிடச் சின்னவளுக்குப் பதவி உயர்வு கிடைத்ததில் எனக்கு வந்த இந்தப் பொறாமை. பெயர் சொல்லும்போது எது நாக்கில் வரமாட்டேன் என்கிறதோ, அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

எனக்கு இது வேணும்னு கேட்கலாமா? கேட்டா ஒப்புக்கொடுக்காத மாதிரி ஆயிடாதா?

கேளுங்கள், தாராளமாக. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு என்ன ஜெபித்தார் என்று யாரிடம் கேட்டாலும் "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்பார்கள். அதற்கு முந்தின பாதியை விட்டுவிடுகிறோம்: இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும் (லூக்கா 22:42). தமக்கு என்ன வேண்டும் என்பதை அவர் மறைக்கவில்லை. மத்தேயு சொல்கிறபடி மூன்று முறை அதையே ஜெபித்தார். அப்போஸ்தலர் பவுலும் முள் என்று தாம் சொன்ன ஒரு பாடு நீங்க வேண்டும் என்று மூன்று முறை வேண்டிக்கொண்ட பிறகுதான் "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது (2 கொரிந்தியர் 12:8-9). மரியாள்கூட, உம்முடைய வார்த்தையின்படி ஆகக்கடவது என்று சொல்வதற்கு முன்னால், இது எப்படியாகும் என்று தூதனிடம் கேட்டாள்.

ஆசையே இல்லாதவர் மாதிரி நடித்துக்கொண்டு ஜெபிப்பதில் பிரயோஜனம் இல்லை. ஆசையை அவர் முன்னால் விரித்துக் காட்டிவிட்டு, அதன் பக்கத்திலேயே 'ஆயினும்' என்ற சொல்லையும் வைத்துவிடுங்கள்.

ஒப்புக்கொடுத்துட்டேன், ஆனா மனசுல சமாதானமே வரலை. அப்போ நான் சரியா செய்யலையா?

இதை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை, கேட்கிற ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்கிறார்கள். இப்போது சொன்ன கெத்செமனேக்கே திரும்பிப் போங்கள். உம்முடைய சித்தம் என்று சொன்ன பிறகுதான் அவர் அதிக வியாகுலப்பட்டு, வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது என்று எழுதியிருக்கிறது (லூக்கா 22:44). படபடப்பு நின்றால்தான் ஒப்புக்கொடுத்தல் உண்மை என்றால், அந்தத் தோட்டத்தில் நடந்ததை என்னவென்று சொல்வீர்கள்? சமாதானம் வரும், வருகிறது, நானும் அனுபவித்திருக்கிறேன். ஆனால் அதை நாம் செய்ததற்கான ரசீதாக எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தூக்கமில்லாமை, எதிலும் பிடிப்பில்லாமை, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது விசுவாசப் பிரச்சினை என்று நீங்களாக முடிவு பண்ணாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள், நெருங்கின ஒருவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார் (1 இராஜாக்கள் 19). கர்த்தர் அவரைத் திட்டவில்லை, தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கவிட்டு மறுபடி எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். பேச்செல்லாம் அதற்கப்புறம்தான்.

மருந்து எடுத்துக்கிட்டா விசுவாசக் குறைவுன்னு சொல்றாங்களே?

எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது, உனக்கு இன்னும் 15 வருடம் கூட்டிக் கொடுப்பேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் கொண்டுவந்த அதே தீர்க்கதரிசி ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவை என்ற கட்டியின்மேல் வைக்கச் சொன்னார் (2 இராஜாக்கள் 20:5-7). வாக்குத்தத்தம் கையில் இருந்தும் பற்றுப் போட்டார்கள். மேலே சொன்ன பிசினும் கீலும்தான் இது. ஓடிக்கொண்டிருக்கிற மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசத்தால் பிழைத்துக்கொள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சேமிப்பு, இன்சூரன்ஸ் எல்லாம் வெச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளலாம். யோசேப்பு ஏழு வருட விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கும்படி பார்வோனுக்குச் சொன்ன ஆலோசனையைத் தேவ ஞானம் என்றுதான் வேதம் சொல்கிறது (ஆதியாகமம் 41). லூக்கா 12-ல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானிடம் தப்பாக இருந்தது களஞ்சியம் இல்லை, அதைப் பார்த்துத் தன் ஆத்துமாவிடம் இனி உனக்குக் கவலையில்லை என்று சொன்னதுதான். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கிற கேள்வி: இந்தப் பணத்திலிருந்து யாருக்காவது கொடு என்று அவர் சொன்னால், கை நீளுமா?

தேவ சித்தம் எதுன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? கண்ணை மூடி பைபிளைத் திறந்து பார்க்கலாமா?

பெரும்பாலான தேவ சித்தம் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, அதைச் செய்யத்தான் நமக்கு மனமில்லை. பொய் சொல்லாதே, மன்னித்துவிடு, கூலியைப் பிடித்து வைக்காதே, பெற்றோரைக் கனம்பண்ணு. இதற்கெல்லாம் அடையாளம் கேட்க வேண்டியதில்லை. எழுதப்படாத விஷயங்கள், அதாவது எந்த வேலை, எந்த ஊர், யாரைக் கல்யாணம் பண்ணுவது என்பதில்தான் குழப்பம். அங்கே வேதத்துக்கு முரணானதை முதலில் தள்ளிவிடுங்கள். அப்புறம் ஜெபியுங்கள், உங்களை நன்றாகத் தெரிந்த, உங்கள் முகத்துக்காகப் பேசாத ரெண்டு பேரிடம் கேளுங்கள், உண்மை நிலவரத்தை விசாரியுங்கள், பிறகு ஒரு முடிவெடுத்து நடக்க ஆரம்பியுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு விரல் வைக்கிற வசனத்தின் மூலம் தேவன் பேசமாட்டார் என்று நான் சொல்ல மாட்டேன், அவரால் எப்படியும் பேச முடியும். ஆனால் பிடித்த வசனம் வரும்வரை திறந்துகொண்டே இருக்கிறோமே, அது அவரைக் கேட்பது ஆகாது. கிதியோன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்கிறதா என்று அடையாளம் பார்த்ததை மாதிரியாகச் சொல்வார்கள். நியாயாதிபதிகள் 6-ஐ முழுக்கப் படித்தால், நீ போய் இஸ்ரவேலை இரட்சிப்பாய் என்று தேவன் முன்பே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். தோல் போட்டது பயத்தில். அவர் பொறுத்துக்கொண்டார், அது அவருடைய இரக்கம்.

நீங்கள் நடந்துகொண்டிருந்தால் திருப்பிவிடுவது அவருக்கு எளிது. அப்போஸ்தலர் 16-ல் பவுல் ஆசியாவில் பேசப் போகிறார், ஆவியானவர் தடுக்கிறார். பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அங்கேயும் தடை. துரோவாவுக்கு வந்த பிறகுதான் மக்கெதோனியா மனுஷனின் தரிசனம். ரெண்டு தடவை கதவு சாத்தினதால் அவர் தேவ சித்தத்துக்கு வெளியே இருந்தார் என்று அர்த்தமா என்ன?

எவ்வளவு நாள்தான் காத்திருக்கிறது? எனக்கு வயசு போய்க்கிட்டே இருக்கு.

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிற வலியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்ததி பற்றிய வாக்கோடு ஆபிரகாம் ஆரானைவிட்டுப் புறப்பட்டபோது வயது 75. மனைவி சாராளின் அடிமைப்பெண் ஆகாரிடம் இஸ்மவேல் பிறந்தபோது 86. ஈசாக்கு பிறந்தபோது 100. இருபத்தைந்து வருடம், நடுவில் ஒரு குறுக்கு வழி. அந்தக் குறுக்கு வழியால் காயப்பட்டது இவர்கள் மட்டும் இல்லை, ஒன்றுமறியாத ஆகாரும் அவள் பிள்ளையும் வனாந்தரத்தில் தண்ணீரில்லாமல் அழுதார்கள். சவுல் ராஜா தீர்க்கதரிசி சாமுவேலுக்காக ஏழு நாள் காத்திருந்துவிட்டு, ஜனங்கள் கலைந்து போகிறார்களே என்று தானே பலியைச் செலுத்தினார். செலுத்தி முடிக்கிற நேரத்தில் சாமுவேல் வந்து நின்றார் (1 சாமுவேல் 13:8-10). அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

ஆனால் காத்திருப்பது என்றால் வாழ்க்கையை நிறுத்தி வைப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாருக்கும் பிடித்த எரேமியா 29:11 பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதத்தில் வருகிறது, அதற்கு முந்தின வசனமே எழுபது வருடம் ஆகும் என்கிறது. அதுவரை என்ன செய்ய? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது ஐந்தாம் வசனம். கல்யாணமானால்தான், குழந்தை பிறந்தால்தான், விசா வந்தால்தான் என் வாழ்க்கை தொடங்கும் என்று நிற்காதீர்கள். இன்றைக்குப் போட வேண்டிய விதையைப் போடுங்கள்.

மத்த எல்லாத்தையும் விட்டுட்டேன். பிள்ளைங்க விஷயத்துல மட்டும் முடியலை.

எனக்கும் அதுதான் கடைசி. தலையணைக்கு அடியில் இருந்த போனைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். இதில் எனக்குக் கைகொடுத்தது சாமுவேலின் அம்மா அன்னாள். அழுது கேட்டு வாங்கின பிள்ளையைப் பால்மறந்த வயதிலேயே சீலோவில் கர்த்தருடைய ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாள். கதை அதோடு முடிந்ததாக ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1 சாமுவேல் 2:19-ல் ஒரு வரி இருக்கிறது: வருஷந்தோறும் பலி செலுத்த வருகிறபோதெல்லாம் அவனுக்கு ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுவருவாள். யோசித்துப் பாருங்கள், பிள்ளை பக்கத்தில் இல்லை, அளவெடுக்க முடியாது. போன வருடத்துக்கு இந்த வருடம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதிலேயே கணக்குப் போட்டு, தோளில் கொஞ்சம் கூட்டி, கையில் கொஞ்சம் நீட்டித் தைத்திருப்பாள்.

பிள்ளையைக் கர்த்தருக்குக் கொடுத்தவள் சட்டை தைப்பதை நிறுத்தவில்லை. அவனைத் திரும்பக் கூட்டி வரவும் இல்லை. அன்பு செய்வது உங்களுடையதுதான், அதை யாரும் கேட்கவில்லை. அவன் என்னவாக வேண்டும், யாராக வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறீர்களே, அந்தத் தாளைத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

முழுசா ஒப்புக்கொடுத்தா எனக்குப் பிடிச்சதை எல்லாம் எடுத்துக்குவாரோன்னு பயமா இருக்கு.

இந்தப் பயம் அவரைப் பற்றி நாம் வைத்திருக்கிற படத்தைக் காட்டுகிறது. மீனைக் கேட்டால் பாம்பைக் கொடுக்கிற அப்பன் உண்டா என்று இயேசு கேட்டது இந்தப் படத்தை மாற்றத்தான் (லூக்கா 11:11-13). சிலதை அவர் எடுப்பது உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் ஒப்புக்கொடுக்காமல் இருந்தாலும் அவை உங்கள் கையில் நிரந்தரமாக இருக்கப் போவதில்லை. பயத்தோடேயே கொடுங்கள், பயத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

நான் ஒப்புக்கொடுத்தேன். ஆனாலும் கெட்டதுதான் நடந்துச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?

என் அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாலரை மணி நேரம் அது என் கையிலேயே இருந்தது. யோசிக்கும்போது கண்ணாடியின் காதுக்கம்பியைக் கடிக்கிற பழக்கம் அப்பாவுக்கு உண்டு, அதனால் ஒரு பக்க நுனி தேய்ந்து சொரசொரப்பாக இருக்கும். அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே, ஆண்டவரே, அப்பாவை உம்முடைய கையில் கொடுக்கிறேன் என்று சொன்னேன், மனதாரச் சொன்னேன். 11-ம் நாள் அப்பா இறந்துபோனார்.

அதற்கப்புறம் பல மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஒருவர் வந்து விசுவாசம் போதவில்லை என்றார், இன்னொருவர் எல்லாம் நன்மைக்கே என்றார். இந்த இரண்டையும் துக்க வீட்டில் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். யோபுவின் சிநேகிதர்கள் செய்ததிலேயே நல்லது, முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தது. மெதுவாகத்தான் எனக்கு ஒன்று புரிந்தது: நான் கொடுத்ததாக நினைத்ததில் ஒரு பேரம் ஒளிந்திருந்தது. நான் விடுகிறேன், பதிலுக்கு நீர் காப்பாற்றும் என்று. ராஜா நிறுத்தின சிலையை வணங்காததால் அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேர், எங்கள் தேவன் எங்களை விடுவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் "விடுவிக்காமற்போனாலும்" என்றார்கள் (தானியேல் 3:17-18). அந்த ஒரு சொல்லுக்கு வந்து சேர எனக்கு ரெண்டு வருடம் ஆனது.

ஏன் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. இறந்துபோன நண்பன் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகுமுன் இயேசு கண்ணீர்விட்டாரே, அது எனக்குப் பதிலைவிடப் பெரிதாக இருந்தது. கண்ணாடி இப்போது என் வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அன்றைக்கு நான் அப்பாவைச் சரியான கையில்தான் கொடுத்தேன், அதில் எனக்கு இன்று சந்தேகம் இல்லை.

போதகர் 'தேவன் எனக்குச் சொன்னார், நீ இப்படிச் செய்'ங்கிறார். கேட்காட்டி தேவனுக்கே கீழ்ப்படியாத மாதிரியா?

இல்லை. 1 இராஜாக்கள் 13-ஐ ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனுக்கு, அங்கே அப்பம் தின்னாதே, தண்ணீர் குடியாதே என்று நேரடியான கட்டளை இருந்தது. ஒரு கிழவனான தீர்க்கதரிசி, தூதன் எனக்குச் சொன்னான் என்று பொய் சொல்லி அவரை வீட்டுக்கு அழைத்துப் போனான். அவர் நம்பிப் போனார், திரும்பும் வழியில் சிங்கம் கொன்றது. 'தேவன் சொன்னார்' என்ற வார்த்தைக்கு முன்னால் நம் அறிவை மூடி வைக்க வேண்டியதில்லை. பவுல் சொன்னதையே வேதத்தில் தேடிச் சரிபார்த்த பெரோயா பட்டணத்தாரை நற்குணசாலிகள் என்கிறது அப்போஸ்தலர் 17:11. நல்ல மேய்ப்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் ஆலோசனை சொல்லிவிட்டு முடிவை உங்களிடம் விடுவார்கள். பணம், கல்யாணம், வேலை, குடும்பத்தோடு உறவு என்று ஒவ்வொன்றிலும் ஒருவர் சொன்னபடிதான் நடக்க வேண்டும் என்றால், நீங்கள் ஒப்புக்கொடுத்திருப்பது அந்த மனிதருக்கு.

கணவர் அடிக்கிறார். 'கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்துட்டுப் பொறுத்துக்கோ'ன்னு சொல்றாங்க. நான் என்ன செய்ய?

சகோதரி, அங்கிருந்து பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். நம்பகமான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், போலீசுக்குப் போக வேண்டியிருந்தால் போங்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். மீதி விளக்கத்தை அப்புறம் படிக்கலாம்.

சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது சுவரோடு நின்றுகொண்டிருக்கவில்லை, விலகி ஓடிப்போனார். தமஸ்குவில் பவுலைக் கொல்லக் காத்திருந்தபோது சீஷர்கள் அவரைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். இயேசுவைச் செங்குத்தான மலையிலிருந்து தள்ளப் பார்த்தபோது அவர் அவர்கள் நடுவிலிருந்து கடந்து போய்விட்டார் (லூக்கா 4:29-30). கடைசியில் சிலுவைக்குப் போனபோது, ஒருவனும் என் ஜீவனை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன் என்று சொல்லித்தான் போனார். அடிக்கிறவன் கைக்கு உங்களைக் கொடுப்பது அவருக்கு உங்களைக் கொடுப்பது ஆகாது. இதை வசனம் காட்டி உங்கள்மேல் திணிக்கிறவர்கள் எவ்வளவு பக்தியாக இருந்தாலும் சரி, இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வது தப்பு.

எல்லாம் அவர் கையில்னா தலையெழுத்துன்னு சொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

தலையெழுத்தோடு பேச முடியாது. அதனிடம் அழ முடியாது, வாதாட முடியாது, நன்றி சொல்லவும் முடியாது. நாம் ஒப்புக்கொடுப்பது பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒருவரிடம். யாக்கோபு ராத்திரி முழுக்க அவரோடு போராடி, என்னை ஆசீர்வதித்தால் ஒழிய உம்மைப் போகவிடேன் என்று பிடித்துக்கொண்டார், விடியும்போது நொண்டிக்கொண்டுதான் போனார், ஆனால் புதுப் பெயரோடு போனார். அப்புறம், உங்கள் விருப்பம் செத்துப்போக வேண்டும் என்றும் இல்லை. பிலிப்பியர் 2:12-13-ல், பிரயாசப்படுங்கள் என்பதும், விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்பதும் ஒரே மூச்சில் வருகிறது. இரண்டும் எப்படிப் பொருந்துகிறது என்று முழுக்க விளக்க எனக்குத் தெரியாது. அந்தப் பிசின் பூசின பெட்டியைத்தான் மறுபடி காட்டுவேன்.

எனக்கு விசுவாசமே ஆட்டம் கண்டிருக்கு. இந்த நிலைமையில நான் எதை ஒப்புக்கொடுக்கிறது?

அந்த ஆட்டத்தையே கொடுங்கள். மாற்கு 9-ல் ஒரு அப்பா வருகிறார். சின்ன வயதிலிருந்தே மகன் தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான், சீஷர்களிடம் கொண்டுவந்தும் அவர்களால் முடியவில்லை. உம்மால் ஏதாகிலும் செய்யக்கூடுமானால் செய்யும் என்கிறார், அவ்வளவுதான் அவரிடம் மிச்சம் இருந்தது. விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்று இயேசு சொன்னதும், கண்ணீரோடு கத்துகிறார்: "விசுவாசிக்கிறேன், ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." ஒரே வாக்கியத்தில் இருக்கு என்றும் சொல்கிறார், இல்லை என்றும் சொல்கிறார். போய் விசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பையன் செத்தவனைப் போலக் கிடந்தான், செத்துப்போனான் என்று பக்கத்தில் நின்றவர்களும் சொல்லிவிட்டார்கள். இயேசு அவன் கையைப் பிடித்துத் தூக்கினார், அவன் எழுந்து நின்றான்.